நேரா நிக்காத படம்

ஐயையோ, அந்தப் படத்துல கை வைக்காதீங்க சார். கோணலா இருக்குதான், எனக்குத் தெரியாதா? காலையில நான்தான் தொடைச்சு நேரா மாட்டினேன். இப்பப் பாருங்க, ஆத்துத் தண்ணியெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு கெடக்கு. தோணியில இருக்கிற ரெண்டு பேரும் இன்னும் கொஞ்ச நேரத்துல வழுக்கி நம்ம சோபாவுல வந்து விழுவாங்க. வந்தா என்ன, ரெண்டு டீ சேர்த்து ஊத்திட்டாப் போச்சு.

என்னது, ஆணி லூசா? இருக்கும், இருக்கும். கொழும்புல படம் கீறச் சொல்லிக் குடுக்கிற சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். மழை வேற தூறுது, வெளிய கெடந்த உங்க சப்பாத்தை உள்ள எடுத்து வச்சிருக்கேன். சும்மா, ஒரு இதுக்குத்தான்.

அது சரி, இதைக் கீறினது யாருங்க? பிரான்ஸ் ஆளா? பாவம், கண்ணுல ஏதும் கோளாறோ என்னமோ. கிட்டப் போய்ப் பார்த்தா தண்ணியும் இல்ல, ஆளும் இல்ல, திட்டுத் திட்டா சாயம்தான். ஓ, தள்ளி நின்னு பார்க்கணுமா? அப்படிச் சொல்லுங்க. எங்க முதலாளியும் எதையும் தள்ளி நின்னுதான் பார்ப்பாரு. வைரவநாதன் முதலாளி சார், பதுளையில புடவைக் கடை வச்சிருக்காரே, வெள்ளைக்காரத் தொர இருந்த இந்தப் பங்களாவை எடுத்து ஓட்டலாக்கினது அவருதான். வந்தா வாசல்லயே நின்னு, எல்லாம் நல்லா இருக்கா பெரியாயின்னு கேட்பாரு. நல்லாருக்குங்கன்னு நான் சொல்லணும். பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிருவாரு. ஒரு நாள் கூட இங்க படுத்ததில்ல. மெத்தை ஒத்துக்காதாம்.

தோணியில இருக்கிற அந்தம்மாவைப் பாருங்களேன். ஒரு பொட்டு மழை இல்ல, வெள்ளைக் கவுனும் கொடையுமா ஒக்காந்திருக்கு. நாங்க கொட்டுற மழையில இடுப்புல படங்குச் சாக்கைக் கட்டிக்கிட்டுத் தேயிலைக் கொழுந்து எடுத்த ஆளுங்க. அந்த மனுசன் துடுப்பைப் போட்டுட்டு அது மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருக்கான். வேலை வெட்டி இல்லாத குடும்பம் போல. அமைதியான ஆறுங்கிறீங்களா? ஆமாமா, அமைதிக்கென்ன கொறைச்சல்.

முந்தி இந்த எடத்துல சின்னதா ஒரு ரோசாப்பூப் படம்தான் இருந்துச்சு. போன வருச மழைக்கு அது பத்தல, யானைப் படம் வந்துச்சு. அதுவும் பத்தல. இப்ப இந்த ஆறு, கதவு அகலத்துக்கு, வேன்ல ஏத்திக்கிட்டு வந்து மாட்டினாங்க. எதுக்குப் பத்தலன்னா கேட்கிறீங்க? அப்பாடா, இப்பவாச்சும் கேட்டீங்களே!

போன்ல லைட்டைப் போடுங்க, நான் இந்த மூலையைத் தூக்கறேன். தெரியுதா? ஐயோ, வெடிப்புக்குள்ள கையை விடாதீங்க. போகும் சார், முழங்கை வரைக்கும் போகும். ஆணியும் லூசு இல்ல, படமும் கோணல் இல்ல. செவருதான் எறங்குது. முந்தியெல்லாம் மாசத்துல ஒருக்கா நேராக்கினாப் போதும். இன்னைக்குக் காலையில மாட்டினது மத்தியானத்துக்குள்ள சாஞ்சிருச்சு.

இந்த வெடிப்பு கீழ தோட்டத்து ஆளுங்க வரிசையாக் குடியிருக்கிற எங்க லயத்துல, நான் இருக்கிற காம்பராவுல, அடுப்புக்குப் பின்னாலதான் மொதல்ல விட்டுச்சு. அங்கருந்து ரோட்டைக் கடந்து, ரோசாப் பாத்தி வழியா இங்க வந்து நிக்குது. பங்களா மேல இருக்கு, லயம் கீழ இருக்குன்னு மலைக்குத் தெரியுமா? மண்சரிவு பார்க்கிற ஆபிசருமாரு வந்து பார்த்து, மழை பலத்தா லயத்து ஆளுங்க எல்லாம் அந்தப் பக்கத்து ஸ்கூலுக்குப் போயிருங்கன்னாங்க. இங்கயும் வந்தாங்க. முதலாளி வாசல்ல நின்னே இந்த ஆத்துப் படத்தைத்தான் காட்டினாரு. அழகா இருக்குன்னு சொல்லி, டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க.

வந்திருக்கிறவங்ககிட்ட வாயைத் தொறந்தா வேலை போயிரும்னு சொல்லியிருக்காரு. மக தனுஜா படிக்கிறா, இந்த வேலைய விட்டா எனக்கு வேற கதி இல்ல. அதான் இவ்வளவு நேரமும் கொடையையும் துடுப்பையும் பேசிக்கிட்டு நின்னேன், நீங்களா கேட்பீங்கன்னு. எனக்குப் பயமா இருக்கு சார்.

கேட்குதா, தகரத்துல மழை பலத்திருச்சு. இந்நேரம் லயத்துல ஒரு ஈ காக்கா இருக்காது. தனுஜாவும் போயிட்டா. மழை பெஞ்சா இந்த மலையில தூங்கறது உங்களை மாதிரிக் காசு குடுத்து வாறவங்க மட்டும்தான்.

பெட்டியெல்லாம் கெடக்கட்டும். இந்தாங்க சப்பாத்து, போட்டுக்கிட்டு வாங்க. ஸ்கூல்ல உங்களுக்கும் ஒரு பாய் போடச் சொல்லிட்டேன். படமா? அவங்களை விடுங்க சார், அவங்களுக்கென்ன, தோணி இருக்கு.