முப்பத்திமூணு நிமிஷம்

சுஃபியான்: முப்பத்திமூணு நிமிஷம், நோயலு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டு வாசல்லேர்ந்து ராயபுரம் என் வூட்டு வாசலு வரைக்கும். போன்ல பாத்து வெச்சிகினேன்.

நோயல்: நாலு நாளா இதையே பாடிகினு கீறே.

சுஃபியான்: பழைய சைக்கிள்ல எவ்ளோ ஆவும்? சொல்லு.

நோயல்: ஐம்பத்தஞ்சு. கன்டெய்னர் லாரிங்க அடைச்சிகினா ஒரு மணி நேரம்.

சுஃபியான்: புது கியர் வண்டின்னா இன்னான்னு இப்ப தெர்தா? அஞ்சரைக்கு வுட்டா ஆறு அஞ்சுக்கு வூடு. நோம்பு தொறக்கற பாங்கு ஆறு இருபதுக்கு. பாப்பா நவ்ரீன் பேரீச்சம்பழத்த கைல வெச்சிகினு வாசல்லயே நிக்குது. எட்டு வயசு, மொத நோம்புடா...

நோயல்: மொத ரெண்டு நாளு நீ டைமுக்கு போய்ச் சேரலியே.

சுஃபியான்: அத்த ஏன் கேக்கற. நான் ரோட்டுல, லாரிக்கு நடுவுல தண்ணி குடிச்சி நோம்பு தொறக்கறேன். அது அங்க, அத்தா வந்தாதான் தொறப்பேன்னு பாங்கு சொல்லியும் சும்மா குந்திகினு இருந்துதாம். அதோட அம்மா ஜஸீமா சொல்லி அழுதா.

நோயல்: அதான் இப்ப டைமுக்கு போறியே. கெளம்பு. அஞ்சு முப்பத்திரெண்டு.

சுஃபியான்: இருடா...

நோயல்: சீட்ட ரெண்டு வெரல் ஏத்து. மிதிக்கசொல்லோ முட்டி ரொம்ப மடங்கக்கூடாது. டயர்ல காத்து கல்லு மாதிரி இருக்கணும்.

சுஃபியான்: வந்துட்டாரு மெக்கானிக்கு. ஏழு வருஷமா என் கேரியர்ல குந்திகினு இதே ரவுசு. ஒரு நாளு நீ மிதிடான்னா முட்டி வலின்னுவே.

நோயல்: நெசமாவே வலி. எக்ஸ்ரே கீது.

சுஃபியான்: காட்டு.

நோயல்: வூட்ல கீது... நீ கெளம்பு மாமு.

சுஃபியான்: நீ?

நோயல்: ஓவர்டைமு. ஒரு லோடு வருது.

சுஃபியான்: நேத்து?

நோயல்: நேத்தும் லோடு.

சுஃபியான்: வாட்ச்மேன் ஒவைஸ கேட்டேன். இந்த மாசம் ஓவர்டைமே கெடையாதாம். நான் போற வரைக்கும் நீ டீக்கடை பின்னால நின்னுகினு, அப்பாலிக்கா பஸ்ஸு புடிக்கிறியாம்.

நோயல்: அவன் கெடக்கறான்...

சுஃபியான்: கியர் வண்டில கேரியர் இல்ல, போட்டு தரேன்னேன். வேணாம்னே. அப்பவே எனக்கு டவுட்டு.

நோயல்: இன்னா டவுட்டு? உனக்கு டைம் ஆவுதுடா.

சுஃபியான்: நேத்து மார்க்கெட்டு வாசல்ல இரும்புச் சீவலு குத்தி கியர் வண்டி பஞ்சரு. ஷெட்டுல கெடந்த பழைய வண்டிய எடுத்துகினு போனேன். எவ்ளோ ஆச்சு தெர்மா?

நோயல்: ஐம்பத்தஞ்சு இருக்கும்.

சுஃபியான்: முப்பத்தஞ்சு. ரெண்டே ரெண்டு நிமிஷம் ஜாஸ்தி. அப்போ பாக்கி இருபது நிமிஷம் எங்கடா போச்சு?

நோயல்: காத்து பின்னாலேர்ந்து தள்ளிருக்கும்.

சுஃபியான்: காத்தா? உன் எம்பத்திரெண்டு கிலோ பின்னால இல்ல, அதான். உனக்கு மொதல்லயே தெரியும்.

நோயல்: ...பாப்பா பாங்குக்கு அப்பறமும் சும்மா குந்திகினு இருந்துதுன்னே. அன்னிக்கி ராத்திரி எனக்கு சோறே எறங்கல. நான் எறங்கிட்டா நீ டைமுக்கு போய்டலாம்னு தோணுச்சு. உன்கிட்ட சொன்னா வுட மாட்டே.

சுஃபியான்: வுட மாட்டேன்தான். லூசுப் பயலே. நான் என்னமோ கியர் வண்டிதான் பறக்குதுன்னு ராயபுரம் பூரா சொல்லிகினு திரியறேன்.

நோயல்: சொல்லிகினு போ. அஞ்சு முப்பத்தாறு.

சுஃபியான்: நீயும்தான் வர்றே. பஞ்சரு ஒட்டியாச்சு. வண்டி ரெண்டு, ஆளு ரெண்டு. நீ கியர் வண்டி, நான் பழசு. நோயல் மாமாவ ஏன் கூட்டினு வரலன்னு நவ்ரீன் தெனமும் கேக்குது. உனக்கும் ஒரு சொம்பு கஞ்சி எடுத்து வெச்சிகீறா ஜஸீமா. ஏறு.

நோயல்: நீ போ மாமு... நான் பஸ்ல வந்து குடிக்கிறேன்.

சுஃபியான்: பஸ்ஸு வர்றதுக்குள்ள கஞ்சி ஆறிப்பூடும். ஏறுடா. சீட்டு, காத்து எல்லாம் நீ சொன்ன மாதிரியே வெச்சிகீறேன். முட்டின்னு மட்டும் சொல்லாத.

நோயல்: முட்டி இல்ல...

சுஃபியான்: அப்பறம் இன்னா?

நோயல்: ஏழு வருஷமா சொல்ல வெக்கமா இருந்துச்சு மாமு. எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது.