படக்கதை பிரெஞ்சு

காலாப்பட்டு பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர் சொன்னார்: “எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சுல ஆளைச் சுடத்தான் முடியும்.”

அவர் பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீங்க. அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்துலேர்ந்து கொண்டாந்த படக்கதைப் புஸ்தகத்தைப் பார்த்துப் படிச்சேன். ‘கையைத் தூக்கு’, ‘ஓடினா சுடுவேன்’. அதுதான் வரும்.”

“யார்கிட்ட பேசறதுக்குப் படிச்ச?”

“அண்ணிகிட்டதான். வெள்ளைக்காரி, தமிழ் தெரியாது. அண்ணன் செத்துப்போனப்புறம் அவங்க ஊருக்கே கிளம்பிட்டாங்க. நேத்து ஸ்டேஷன்ல என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நின்னாங்க. எங்களோடயே இருந்துடுங்கன்னு சொல்லத்தான் நினைச்சேன். அந்தப் புஸ்தகத்துல யாரும் யாரையும் இருக்கச் சொல்லலியே.”

“அப்புறம் என்ன பண்ணின?”

“பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.”