நெல் வயலுக்குக் கீழே ஐவி

ஆமா கபாலி, நெல்லுக்கு மருந்து அடிக்கிறாங்கதான். எனக்கும் கண்ணு தெரியுது. இந்த கேசட்டுல அந்த வயலுக்கு அடியில ஐவி இருக்கா. அவளைத்தான் நீ எடுத்துக் குடுக்கணும்.

எந்த ஐவியா? எம்புள்ள லாய்டுக்குப் பேசியிருக்கோமே ஷெரில், அவளோட அம்மா. அடையாறு. நிச்சயதார்த்தத்துக்கு நீதானே வீடியோ எடுத்த? எல்லாப் படத்துலயும் முன்னாடி வந்து நின்னாளே, அவதான்.

பொறு, சொல்றேன். சேலையைப் பார்க்காத, அடுப்படியில இருந்து அப்படியே கிளம்பி வந்துட்டேன். மணி அஞ்சு ஆயிடுச்சா?

லாய்டு வடபழனியில கார்ட்டூன் கம்பெனியில இருக்கான்ல. அதுல ஒரு அம்மா பொம்மை. வேலைக்குப் போன பிள்ளை வந்து கதவைத் தட்டறான், அவ தரையில இருந்து எழுந்து போய்த் திறக்கணும். அவ்ளோதான். சும்மா மனசுல இருந்தே வரைஞ்சு குடுத்தான், மூணு தடவை திரும்பி வந்துடுச்சு. எழுந்திருக்கறா, ஆனா உடம்புல கனமே இல்ல, பலூன் மாதிரி இருக்குன்னாராம் அவனுக்கு மேல இருக்கற ஜவஹர் சார். முதல்ல ஒரு ஆளை வீடியோ எடு, நிறுத்தி நிறுத்திப் பாரு, எந்தக் கை முதல்ல ஊனுது, எப்ப கால்ல பாரம் இறங்குதுன்னு பாரு, அப்புறம் வரைன்னு சொல்லிக் குடுத்திருக்கார். அது காப்பி அடிக்கறதில்லையாடான்னு கேட்டேன். இல்ல மம்மி, பார்த்துக் கத்துக்கறதுன்னான். திங்கக்கிழமை காட்டணும். அது தேறினாத்தான் வேலையை நிரந்தரம் பண்ணுவாங்களாம்.

முதல்ல என்னைத்தான் எடுத்தான். பொய் சொல்லக் கூடாது. கேமராவாச்சேன்னு கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டி, பவுடர் போட்டு, பூ வச்சு உட்கார்ந்தேன். கதவைத் தட்டினான். பூசையில காணிக்கை கொண்டு போறப்ப நடப்போம் பாரு, அப்படி அடி அடியா வச்சுப் போய்த் திறந்தேன். மம்மி, நான் என்ன ஆயரா, இப்படி வரவேற்கறன்னு சிரிக்கறான். இன்னொரு தடவைன்னான். இன்னும் மெதுவா நடந்தேன். சரி விடுன்னுட்டான்.

மறுநாளே அடையாறுக்குப் போய் ஐவியை வீடியோ எடுத்துட்டு வந்திருக்கான்.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லு? இருபத்தஞ்சு வருஷம் அவனுக்குக் கதவு திறந்தவ நான். மழையில நனைஞ்சு வந்தப்ப, பரீட்சையில கோட்டை விட்டுட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தப்ப. அவ ஆறு மாசமாத்தான் திறக்கறா.

மத்தியானம் அவங்கப்பா தூங்கறப்ப, சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சுட்டு அந்த கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். தலையைத் தூக்கிச் சுவத்துல என்னத்தையோ பார்க்கறா. முட்டியில கை வச்சு எழுந்திருக்கறா. முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே ஓடிப் போய்த் திறக்கறா. திறந்ததும் அந்த மூஞ்சியைப் பார்க்கணுமே! பெத்தவ மாதிரி சிரிக்கறா கபாலி. எம்புள்ளையைப் பார்த்து. என் வாய் ஜெபமாலை சொல்லுது, வயிறு எரியுது. அதுக்கு மேல பார்க்கல.

மறுபடி எடுக்கறதா? அவ எங்க இருக்கா? காவி கட்டிக்கிட்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போயிட்டா. அவ முட்டிக்கு என்ன, நடப்பா. திருவிழா முடிஞ்சுதான் வருவா.

அப்போ வராதா? மேல பதிஞ்சா கீழ இருக்கறது போனது போனதுதானா?

நீ ஏன் அப்படிப் பார்க்கறன்னு தெரியுது. சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினாதானே பதியும். கைதவறினா ஒண்ணு படும், ரெண்டு படுமா? மிஷின் கெட்டுடுச்சுன்னு அவங்கிட்ட சொன்னேன், நம்பிட்டான். மிஷினுக்கு ஒண்ணும் இல்ல, டிவியில ஓடின வயலை நான்தான் அவ மேல பதிஞ்சேன். ஒரு கையில ஜெபமாலை, இன்னொரு கையில ரெண்டு விரல். சனிக்கிழமை சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கலாம்னு இருந்தேன், உங்கிட்ட முதல்ல சொல்லிட்டேன்.

நிறுத்தாத, இன்னும் கொஞ்சம் ஓட விடு. வயல் முடிஞ்சதும் ஒரு துண்டு மிச்சம் இருக்கு. நேத்துதான் பார்த்தேன். படத்துல தரைதான் தெரியும். சத்தத்தைக் கூட்டு.

கேட்டுச்சா? லாய்டு குரல்தான். இதேதான் ஆன்ட்டி, சூப்பர், எங்க மம்மி அப்படியே இப்படித்தான். முதல்ல கடிகாரத்தைப் பார்ப்பாங்க, அப்புறம்தான் எழுந்திருப்பாங்க. அவங்களை எடுத்தா பட்டுச் சேலை கட்டிக்கறாங்க, அதான் உங்களுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியதாப் போச்சு.

அவ என்னைத்தான் பண்ணிக் காட்டியிருக்கா கபாலி. அதைத்தான் நான் அழிச்சேன்.

எனக்கு என்ன தெரியும், நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்னு! அப்படி எல்லாம் ஒண்ணும் பார்க்கறதில்ல.

நீ கேமராவை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வா. திரைக்குப் பின்னால நின்னு நான் கதவு திறக்கறதை எடு. நீ இருக்கறதை மறந்துடறேன். இதோ, பட்டு கூடக் கட்டல பாரு. அழிச்சது நான்தான்னு அவங்கிட்ட நானே சொல்லிடறேன், கதவைத் திறந்ததுக்கு அப்புறம். சீக்கிரம்ப்பா, அஞ்சரை ஆகப் போகுது, ஆறு மணிக்கெல்லாம் வந்துடுவான்.

எதுக்கு சிரிக்கற? என்னது, கடைக்குள்ள வந்ததுல இருந்து நாலு தடவையா? நான் எப்போ பார்த்தேன் உன் கடிகாரத்தை?