ரெண்டு ரூமுக்கு நடுவுல

...இல்லம்மா, நீங்களே சொல்லுங்க, சமரசம் பேச வந்த மனுசன இப்படிக் கேட்டுக்கு வெளியில உக்கார வைக்கலாமா? பையக் கீழ வைங்க. வாட்ச்மேன் உள்ள கேட்டுட்டு வர நேரமாகும். அதுக்குள்ள சொல்லி முடிச்சிடுறேன்.

தலையணை தைக்கிற கம்பெனி இது. ஃபேன் போட்டா பஞ்சு பறக்குது, நிறுத்துனா வேர்த்துக் கொட்டுது. அதுக்குப் போய் ஸ்ட்ரைக்கு. லேபர் ஆபீஸ்லேருந்து என்னைய அனுப்புனாங்க. வந்தவுடனே முதலாளியம்மாவ ஒரு ரூம்ல, யூனியன் தலைவர இன்னொரு ரூம்ல உக்கார வச்சேன். நேர்ல பாத்தா வம்பாயிடும்ல? நடுவுல நான். இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்க... முட்டி ரெண்டும் கழண்டு போச்சு. வீட்டுலயும் இதே கததான். என் சம்சாரத்துக்கும் தங்கச்சிக்கும் நடுவுல நான்தான் தூது. மூணு வருஷமா பேசித் தீத்துக்கிட்டேதான் இருக்கேன்.

எங்க விட்டேன்... ஆங், தலைவர். "ஃபேன் போடச் சொல்லுங்க சார்"னாரு. அவ்வளவுதான். உப்புச் சப்பில்லாம இதப் போய் எப்படிச் சொல்றது? "போடலேன்னா உங்களையும் உறைக்குள்ள வச்சுத் தச்சிடுவாங்களாம்"னேன். கொஞ்சம் எடுப்பா இருக்கட்டுமேன்னு. அந்தம்மா, "பஞ்சு பறந்தா அவங்களுக்குத்தானே இருமல்"னாங்க. நான் தலைவர்கிட்ட வந்து, "வேர்வ ஊறுனா தலையணை வெயிட்டு கூடுமாம், நல்லதாம்"னேன். பேச்சுல ஒரு சூடு வேணாமா?

நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. நான் டீ குடிக்கப் போன நேரம் பாத்து, ரெண்டு பேரும் கை கழுவுற எடத்துல சந்திச்சுட்டாங்க. "என்னையத் தச்சிடுவீங்களாமே?" "வேர்வையில வெயிட்டு ஏத்துறீங்களாமே?" அப்புறம் ஒரே சிரிப்பு. நேர்ல பேசக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன், கேட்டாத்தானே.

அதோட விட்டாங்களா? ஒரே போன்ல, ஸ்பீக்கரப் போட்டு, மாத்தி மாத்தி எங்க ஆபீசர்கிட்ட, "இவரு வேணாம், வேற ஆள அனுப்புங்க"ன்னுட்டாங்க. இத்தன வருஷமா எதுலயும் ஒத்துப் போகாதவங்க. என்னாலதானே இதுல ஒத்துப் போனாங்க? அத யாரு சொல்றா? வேலையே போயிடும்னு பயமா இருக்கும்மா.

வர்ற ஆளு வரட்டும், நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன். ஆமா, நீங்க என்ன, தலையணை வாங்க வந்தீங்களா? ...இல்லையா? ...அடுத்த ஊரு லேபர் ஆபீஸா?

ஓ.

வாட்ச்மேன் அண்ணே, இங்க வாங்க. நான் சொல்றத இந்த மேடத்துக்கிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. சொன்னது சொன்னபடி சொல்லணும், தெரியுதா? நீங்களா ஒரு வார்த்த சேத்துடாதீங்க.