தாடி இல்லாத வெங்காயம்

நடாலி: ஜூலியஸ், இங்க வாங்க. ஜன்னல்ல இருக்கிற வெங்காயத்துக்கெல்லாம் தாடி எங்க?

ஜூலியஸ்: தாடியா?

நடாலி: வேருங்க! நாலு நாளா கிளாஸ் தண்ணில வச்சு வளர்த்தேனே... காலையில வெள்ளையா தொங்கிட்டிருந்துச்சு. இப்ப மொட்டையா இருக்கு.

ஜூலியஸ்: ஷேவ் பண்ணிக்கிச்சோ?

நடாலி: தவக்காலம் முடியற வரைக்கும் பொய் சொல்லமாட்டேன்னு சாம்பல் புதனன்னிக்குக் கோயில்ல வேண்டிக்கிட்டது யாரு?

ஜூலியஸ்: பொய் எங்க சொன்னேன்? கேள்விதானே கேட்டேன்! நீயும்தான் கோபப்படமாட்டேன்னு வேண்டிக்கிட்ட... மூக்கு செவக்குது பாரு.

நடாலி: செவக்கல. நாளைக்கு என் கிளாஸ் பிள்ளைங்களுக்கு பயாலஜி பிராக்டிகல். வேர் நுனியிலதான் செல்லு பிரிஞ்சுகிட்டே இருக்கும். அத நசுக்கி மைக்ராஸ்கோப்ல பாத்தா குரோமோசோம் எல்லாம் நடுவுல வரிசையா நிக்கும். அப்புறம் ரெண்டு பக்கமும்...

ஜூலியஸ்: சிட்டி ஹால் ஸ்டேஷன்ல ரயில் கதவு திறந்ததும் ஆளுக்கொரு பக்கமா ஓடுவாங்களே, அப்படியா?

நடாலி: அதேதான். அதுக்கு முன்னாடியே டிஎன்ஏ ரெண்டு காப்பி ஆயிடும். ஆளுக்கு ஒண்ணு.

ஜூலியஸ்: பரவாயில்லையே, சொத்துச் சண்டையே வராது!

நடாலி: பேச்ச மாத்தாதீங்க. ம்... நல்லவேளை, அந்த வெங்காயத்த யாரும் சாப்பிட்டிருக்கமாட்டாங்க.

ஜூலியஸ்: ...ஏன்?

நடாலி: தண்ணில ஒரு மருந்து கலந்திருந்தேன். குரோமோசோமப் பிரியவிடாம அப்படியே புடிச்சு வச்சிடும்.

ஜூலியஸ்: மனுஷனுக்குள்ள போனாலுமா?

நடாலி: யாருக்குள்ள போச்சு?

ஜூலியஸ்: சும்மா பொதுவா கேட்டேன் லா.

நடாலி: மொதல்ல வயித்துலதான் தெரியும்.

ஜூலியஸ்: நடாலி... டாக்சி கூப்பிடு.

நடாலி: எதுக்கு?

ஜூலியஸ்: குழம்பு வச்சிட்டேன்! லீவுல வீட்ல இருந்தேனா... தவக்காலம், கறி இல்ல, மீன் இல்ல, வேற வெங்காயமும் இல்ல... ரெண்டு தட்டு சாப்பிட்ட பிறகுதான் உன் பிராக்டிகல் ஞாபகமே வந்துச்சு. உடனே தேக்கா மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் இத வாங்கிட்டு வந்து கிளாஸ் தண்ணில உக்கார வச்சேன்.

நடாலி: நம்ம பொங்கோல் கடையில கிடைக்காத வெங்காயமா?

ஜூலியஸ்: அதே கலர், அதே சைஸ் வேணுமே! மன்னிச்சிடு... பாவம், உன் பிள்ளைங்க நாளைக்கு என்னத்தப் பாப்பாங்க?

நடாலி: குரோமோசோமத்தான். நுனி மட்டும் போதும். காலையிலேயே வெட்டி பாட்டில்ல போட்டு ஸ்கூல்ல வச்சிட்டேன். நீங்க சாப்பிட்டது மிச்சமிருந்த வெங்காயத்ததான்.

ஜூலியஸ்: அப்ப... அந்த மருந்து?

நடாலி: வெறும் குழாய்த் தண்ணி.

ஜூலியஸ்: அடிப்பாவி! தவக்காலத்துல இப்படியா பொய் சொல்றது?

நடாலி: பொய் சொல்லமாட்டேன்னு வேண்டிக்கிட்டது நீங்க. நான் கோபப்பட்டேனா, அத மட்டும் சொல்லுங்க.