ரன்னர் வைத்து ஆடியவர்

— காலை நீட்டு.

— எந்தக் காலை?

— அதைத்தான் நானும் கேக்கறேன் மாப்ள. காலைல ஃபீல்டிங்ல பந்தைத் துரத்திட்டுப் போய் விழுந்தே. தொடையைப் புடிச்சுக்கிட்டு எழுந்தே. அது எந்தக் கால்?

— நீதானே கட்டு போட்டே வைத்தியரே? கட்டு எங்க இருக்கோ அந்தக் கால்.

— கட்டு வலது கால்ல இருக்கு. கடைசில பேட்டைத் தூக்கிட்டு எறங்கினப்ப நீ நொண்டினது இடது கால்.

— அந்த நேரத்துல வலது எது, இடது எதுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்.

— சரி, அழுத்திப் பாக்கறேன். வலிக்குதா?

— ஸ்... வலிக்குது.

— நான் இன்னும் கையே வைக்கல.

— உன்கிட்ட மாட்டினேன் பாரு.

— வீக்கம் இல்ல, சிவப்பு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. காலைல நீ துடிச்ச துடிப்புல நானும் நம்பித் தொலைச்சேன். ஐயா சாமி, தொடைத் தசை கிழிஞ்சவன் ஓடி நான் பாத்ததே இல்ல. நீ எப்படி ஓடினேன்னு மைதானமே பாத்துச்சு. இப்ப கோச் என்னை அனுப்பியிருக்காரு, நெசமாவே அடிபட்டுதா இல்லையான்னு பாத்துட்டு வந்து சொல்லுன்னு. நான் என்ன சொல்ல?

— பயந்துட்டான்னு சொல்லு.

— யாரைப் பாத்து?

— அவனுங்க புதுசா எறக்கினாங்களே ஒரு நெட்டைக் கொக்கு, அந்த ஃபாஸ்ட் பௌலரைப் பாத்து. வயசாயிடுச்சு, கண்ணு மங்கிடுச்சு, நாலாவதா எறங்க நடுங்கிக்கிட்டு கால்வலின்னு படுத்துட்டான். வெளிய அப்படித்தானே பேசிக்கறாங்க?

— பேசிக்கறாங்க. நான் நம்பல. தாடைல பந்து பட்டு, ரத்தத்தைத் துப்பிட்டு அடுத்த பந்தை ஆடினவன் நீ. தையல் போடறப்ப உன் தலையைப் புடிச்சுக்கிட்டு நின்னவன் நான். எங்கிட்டயே கதை விடாத.

— விடு வைத்தியரே. பஸ் கெளம்பிடப் போகுது.

— பஸ் நிக்கும். ஏன் இந்த நாற்காலி இப்படி ஆடுது? யாரு ஒடச்சது? காலைல நல்லாத்தானே இருந்துச்சு.

— பழைய நாற்காலி. செவத்துல சாய்ச்சுப் போட்டு உக்காரு.

— உக்காந்துட்டேன். இப்ப சொல்லு. உனக்கும் எனக்கும் நடுவுல.

— பாட்டிலுக்காக.

— யாரு, நம்ம தண்ணி தூக்கற பையனா?

— பாத்தியா, உன் வாய்லயும் அதான் வருது. அவன் பேட்ஸ்மேன் வைத்தியரே. ரெண்டு சீசனா பெஞ்சுல உக்காந்து நமக்குத் தண்ணி பாட்டில் கொண்டாந்து குடுத்தான், பேரே பாட்டில்னு ஆயிடுச்சு. அவன் மூஞ்சியப் பாத்து நான் ஒருநாள் வாங்கினது கெடையாது. கையை நீட்டுவேன், பாட்டில் வரும், அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் ப்ராக்டீஸ்ல பந்து போட ஆள் இல்லன்னு நானே அவனுக்குப் போட்டேன். பந்து மட்டைல படற சத்தம் இருக்கே, அது பொய் சொல்லாது. எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு, நெசமாத்தான் சொல்றேன்.

— அதான் இந்த மேட்ச்ல அவனுக்கு எடம் குடுத்தாங்களே.

— எப்படிக் குடுத்தாங்க? ஓபனருக்குக் கட்டைவிரல் ஒடிஞ்சுது. இன்னொருத்தனுக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. வேற வழி இல்லாம ரெண்டு புதுசை உள்ள இழுத்தாங்க. ஒருத்தனை ஓபனிங் எறக்கினாங்க, பாவம், முதல் பந்துலயே திரும்பி வந்துட்டான். இவனுக்கு எட்டாவது எடம். எட்டாவதா எறங்கறவன் என்னத்தைக் கிழிப்பான்? அவன் போய் நிக்கறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும். அடுத்த மேட்சுக்குக் கட்டைவிரல் கூடிடும், ஓபனர் வந்துடுவான், இவன் மறுபடியும் பாட்டில். இந்த ஒரு மேட்ச்தான் அவனுக்கு.

— கோச்கிட்ட சொல்லியிருக்கலாமே, மேல எறக்குங்கன்னு.

— சொன்னேனே. அடிச்சுக் காட்டினவனுக்குத்தான் மேல எடம்னாரு. எறக்கினாத்தானே அடிச்சுக் காட்டுவான்? நீச்சல் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் தண்ணில எறங்குங்கற மாதிரி இருக்கு. அதான், நாலாவது எடம் காலியாகட்டும்னு நானே விழுந்துட்டேன். எனக்கு அடிபட்டா அந்த எடத்துக்கு அனுப்ப வேற பேட்ஸ்மேன் இல்ல. பாட்டிலைத்தான் அனுப்பணும்.

— அடப்பாவி. அதுக்காக ஒருத்தன் தன் தலைல தானே மண்ணைப் போட்டுக்குவானா?

— என் பொழப்பே அப்படி வந்ததுதான் வைத்தியரே. எவனோ ஒரு பெரிய ஆட்டக்காரன் விரல் ஒடிஞ்ச அன்னிக்குத்தான் என்னை உள்ள விட்டாங்க. அப்புறம் அவன் திரும்பி வரவே இல்ல. நான் விடவும் இல்ல. பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, இன்னொருத்தன் எலும்பு ஒடியாதான்னு மனசுக்குள்ள வேண்டிக்கறது இருக்கே, அதை விடக் கேவலம் வேற கெடையாது. அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிய வேண்டாம்னு நெனச்சேன்.

— நெனச்ச மாதிரிதானே நடந்துச்சு. என்ன ஆட்டம் ஆடினான்! அந்த நெட்டைக் கொக்கு கடைசில பந்து போடவே யோசிச்சான்.

— எல்லாம் நடந்துச்சு. நானும் எறங்க வேண்டி வரும்னு மட்டும் நெனக்கல. மத்தவனுங்க எல்லாம் வரிசையா அவுட்டாகி வந்துட்டானுங்க. கடைசி விக்கெட். ஜெயிக்க மூணு ரன். அவன் நூறுக்கு ஒரே ஒரு பௌண்டரி. கேப்டன் வந்து, அண்ணே, நீங்க நின்னா போதும், ஓடறதுக்கு அந்த இன்னொரு புதுப் பையனை ரன்னரா அனுப்பறேன்னான். என்ன செய்ய? இப்ப கால் சரியாயிடுச்சுன்னு சொல்ல முடியுமா? நொண்டிக்கிட்டே போனேன்.

— தப்பான கால்ல.

— தப்பான கால்லதான். வேலை ஒண்ணே ஒண்ணு. பந்தைத் தட்டிவிடணும். எனக்குப் பதிலா ரன்னர் ஓடுவான், எதிர்ல இருக்கற பாட்டில் இந்தப் பக்கம் வந்துடுவான். அடுத்த பந்துல அவன் ரெண்டையும் முடிச்சிருப்பான், மேட்ச்சையும் நூறையும். தட்டினேன். நல்லாத்தான் தட்டினேன்.

— தட்டிட்டு நின்னிருக்கணும்.

— நின்னிருக்கணும். ரன்னர் வச்சு ஆடறவன் கோட்டை விட்டு நகரக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். ரன்னர் ஒழுங்கா ஓடிப்போய்ச் சேந்துட்டான். பாட்டிலும் இந்தப் பக்கம் வந்து சேந்துட்டான். நானும் ஓடி, எதிர்க் கோடில போய் நின்னுக்கிட்டு பேட்டைத் தரைல தேய்க்கறேன். அவங்க கீப்பர் பந்தைக் கையில வாங்கிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சான். அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. அவசரமே படாம ஸ்டம்பைத் தட்டினான். ஓடின ரன்னும் சேராது, விக்கெட்டும் போச்சு, மேட்ச்சும் போச்சு. புள்ளையார் புடிக்கப் போய் கொரங்காயிடுச்சு.

— இதை அப்படியே கோச்கிட்ட சொல்லிடறேன்.

— சொல்லக் கூடாது. சொன்னா அந்தப் பையன் அடிச்சதெல்லாம் நான் போட்ட பிச்சைன்னு ஆயிடும். பயந்தாங்கொள்ளின்னே சொல்லு. எனக்கு ஒண்ணும் தேஞ்சு போயிடாது.

— தேஞ்சு போகும் மாப்ள. உன்னைத் தூக்கிடுவாங்க.

— தூக்கட்டும். யாரோ கதவைத் தட்டறாங்க, பாரு.

— உள்ள வரலாமாண்ணே?

— வா தம்பி. வைத்தியரே, நீ கெளம்பு. சொன்னதைச் சொல்லு.

— சொல்லித் தொலைக்கறேன். பாட்டிலு, அந்த நாற்காலில மட்டும் உக்காந்துடாத. இங்க கட்டு போட வேண்டியது அதுக்குத்தான்.

— சரிங்கண்ணே... அண்ணே, நான் நின்னுக்கறேன்.

— ஏண்டா நிக்கறே? பெஞ்சுல உக்காரு. கையில என்ன?

— வந்து... தண்ணிண்ணே. கையில எடுத்துட்டு வந்துட்டேன். பழக்கம்.

— குடு. இன்னிக்காவது மூஞ்சியப் பாத்து வாங்கிக்கறேன். என்னடா, கண்ணு செவந்திருக்கு?

— ஒண்ணுமில்லண்ணே. கோச் கூப்பிட்டாரு.

— என்ன சொன்னாரு?

— அடுத்த மேட்ச்லயும் நான் ஆடறேனாம். நாலாவது.

— அடி சக்கை! பரவால்ல, அந்த மனுஷனுக்கும் கண்ணு தெரியுது. ஓபனர் திரும்பி வந்துடுவானே, அப்புறமுமா?

— வந்தாலும்தாண்ணே.

— அப்ப யாரை எடுக்கறாங்க?

— இல்லண்ணே, அது வந்து... உங்களுக்கு ஓய்வு குடுக்கறோம்னாரு.

— ஓய்வா. ம். நம்ம தொழில்ல ஓய்வுன்னா கதவைச் சாத்தியாச்சுன்னு அர்த்தம். பரவால்ல தம்பி. கணக்கு சரியாத்தான் வந்திருக்கு. நீ சந்தோஷமா இரு.

— எப்படிண்ணே இருக்க முடியும்? நீங்க பயந்துபோய்ப் படுத்துட்டீங்கன்னு பஸ்ல பேசறாங்க. நீங்க ஓடினதை நடிச்சுக் காட்டிச் சிரிக்கறாங்க. என்னால உக்கார முடியல. எறங்கி வந்துட்டேன்.

— சிரிக்கட்டும். நானும் அடுத்தவனைப் பாத்து நெறைய சிரிச்சிருக்கேன்.

— நான் போய் கோச்கிட்ட சொல்லப் போறேன்.

— என்னத்தைச் சொல்லப் போறே? உனக்கு என்ன தெரியும்?

— நான் அம்பது அடிச்சப்ப பேட்டைத் தூக்கிக் காட்டிட்டு இந்தப் பக்கம் பாத்தேன். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. நீங்க மட்டும் பின்னாடி நாற்காலி மேல ஏறி நின்னு தட்டினீங்க. நாற்காலி ஒடிஞ்சு விழுந்தீங்க. சட்டுனு எழுந்து மறுபடியும் தட்டினீங்க.

— யாரும் பாக்கலன்னு நெனச்சேன்.

— யாரும் பாக்கலண்ணே. எல்லாரும் என்னைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் ஒருத்தன்தான் உங்களைப் பாத்தேன். அந்த நிமிஷமே புரிஞ்சுபோச்சு, எனக்கு எடம் எப்படிக் கெடச்சுதுன்னு.

— புரிஞ்சா உன்னோட வச்சுக்கோ. வெளிய போய்ச் சொன்னா ரெண்டு பேர் பேரும் கெடும். உன் ரன் உன் ரன்தான். நான் எடம் மட்டும்தான் விட்டேன், அடிச்சது நீ. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

— அண்ணே...

— ஒரே ஒரு வருத்தம்தான் தம்பி. அந்தக் கோட்டுக்குள்ள ஒரு நிமிஷம் சும்மா நின்னிருந்தா உனக்கு நூறு. உங்க வீட்டுல கேட்டா நூறுன்னு சொல்லியிருப்பே. கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டேன். பாழாப்போன பழக்கம், பந்து மட்டைல பட்டதும் கால் தானா கெளம்பிடுச்சு. எவ்வளவு யோசிச்சாலும் ஏன் ஓடினேன்னு எனக்கே வெளங்கல. என்னை மன்னிச்சுக்கோ.

— நீங்க அப்படிச் சொல்லாதீங்கண்ணே. உங்க கால் தானா கெளம்பல.

— பின்னே?

— பந்து உங்களுக்குப் பின்னாடி போச்சு. பின்னாடி போற பந்துக்கு ரன் கூப்பிட வேண்டியது எதிர்ல நிக்கறவன்.

— ஆமா, நீதான். நீ ரன்னரைக் கூப்பிட்டிருப்பே.

— ரன்னர் ஒருத்தன் ஓரமா நிக்கறதே எனக்கு மறந்துபோச்சுண்ணே. உங்க கால் நல்லா இருக்குன்னு தெரிஞ்சவன் அந்த மைதானத்துல நான் ஒருத்தன்தானே... உங்களைப் பாத்துத்தான் "வாங்கண்ணே"ன்னு கூப்பிட்டேன்.