அழுகிற செடி

— இன்னாடி கனிஷ்கா, ஒரு ரோஜாச் செடிக்காவ சொந்த அக்கா வளைகாப்புக்கே போவ மாட்டியா?

— சும்மா செடி இல்லக்கா. கம்பெனி ஆப்ல நான் வளக்குதேன். லீவு போடாம ஓவர்டைம் பாத்தாத்தான் வளரும். இப்பம் மொட்டு விட்டுருக்கு. ஞாயித்துக்கெழம ஓ.டி.க்கு வரலன்னு சொன்னா வாடிரும்.

— உங்க ஹாஸ்டல் வாசல்ல ஒரு செம்பருத்தி காஞ்சிகினு கீதே, அதுக்கு என்னிக்காவது ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்கிறியா?

— அது வாயத் தொறந்து கேக்காதுல்லாக்கா. இது காலையில எந்திரிக்கும்போதே தாகமா இருக்குன்னு மெசேஜ் போடுது.

— சூப்பர்வைசர் கேட்டா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவ. அதான் செடிய வுட்டுக் கெஞ்ச வெச்சிக்கிறானுங்க. என் போன்லயும்தான் அந்த ஆப் கீது, ஒரு தபா தொறந்துக்கிறனா? போனக் காட்டு. ‘வருகிறேன்’ பச்சைக் கலர்ல பஸ் அகலத்துக்குக் கீது. ‘வரவில்லை’ எங்க?

— கீழ தள்ளுங்க. இன்னும் கீழ. எறும்பு கணக்கா இருக்கும்.

— ஆங், இந்தா. நீயே அமுக்கு.

— ‘நிச்சயமாகவா? தோழிகள் ஏமாந்துபோவார்கள்’னு கேக்குதுக்கா.

— இன்னொரு தபா அமுக்கு.

— ஐயோ, செடிக்குக் கண்ணு வந்துட்டு. அழுவுதுக்கா.

— அழுவட்டும். அங்க உங்கக்கா அழுதா யார் தொடைக்கிறது?

— சரி, அமுக்கிட்டேன். செத்துட்டு.

— நல்லதாப் போச்சு. சங்கரன்கோயிலுக்கு டிக்கெட் போடு.

— மனசு லேசா ஆயிட்டுக்கா. ஆமா, உங்க போன்ல என்ன சத்தம்?

— அந்த ஆப்தான். ‘உங்கள் தோழி கனிஷ்காவின் செடி உயிருக்குப் போராடுகிறது’ன்னு போட்டுக்கீது. வேர்ல கொஞ்சம் பச்சை பாக்கி கீதாம். உன் எடத்துல ஓ.டி.க்கு நான் வந்தா பொழச்சிக்குமாம். பாரேன், எப்டி முழிக்குதுன்னு.

— மூடி வைங்கக்கா. ஞாயித்துக்கெழம ஒங்க மவன வண்டலூருக்குக் கூட்டிட்டுப் போறதா சொன்னியள்ளா?

— புலி எங்கடி ஓடிடப் போவுது, அடுத்த வாரமும் கூண்டுலதான் இருக்கும். ‘வருகிறேன்’ அமுக்கிட்டேன்.